உறுதியும் வேண்டும், மக்கவும் வேண்டும்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நவராத்திரிக் கொலுவில் வைத்திருப்பார்கள். கடையில் விற்கும்போது விரலால் தட்டிப் பார்த்திருப்பீர்கள். அது எதனால் செய்யப்பட்டது என்று என்றாவது யோசித்தது உண்டா? மரபு முறையில் செய்த பொம்மையாக இருந்தால் அதன் உடலில் இருப்பவை முக்கியமாக இரண்டு பொருள்கள்: ஒன்று காகிதக் கூழ், மற்றொன்று மாவுப் பசை.

மாவுப் பசையைத் தனியே ஒரு தட்டில் ஊற்றிக் காயவைத்துப் பாருங்கள். அது பாளம் பாளமாக வெடித்துவிடும். காகிதத்தைத் தனியே நனைத்துப் பாருங்கள். கையோடு பிய்ந்து வரும். ஆனால் இரண்டும் சேர்ந்து காய்ந்தால், குழந்தையின் கையிலிருந்து கீழே விழுந்தாலும் எளிதில் உடையாத பொருள் கிடைக்கிறது. பசை இழைகளைப் பிணைக்கிறது. இழைகள் பசையை வெடிக்க விடாமல் தடுக்கின்றன. இப்படி ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும்படி அமைந்த பொருளைக் கூட்டுப்பொருள் என்கிறோம்.

மாவில் இருப்பது ஸ்டார்ச். காகிதத்தில் இருப்பது செல்லுலோஸ். இரண்டுமே தாவரங்கள் உண்டாக்கும் பலபடிகள், அதாவது பாலிமர்கள். ஆகவே நம் பொம்மை செய்வோர், 'மக்கும் பலபடிக்கு இழையால் வலுவூட்டுதல்' என்று இன்றைய ஆய்வாளர்கள் கூறும் வேலையை, அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே செய்து வந்திருக்கிறார்கள்.

இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இதே வேலை நடக்கிறது. மக்கும் பிளாஸ்டிக்குகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு வகையில் குறையுடையவை. அவற்றுக்கு வைக்கோல், உமி, வாழைநார் போன்றவற்றைச் சேர்த்து வலுவூட்ட முடியும். காவிரிப் படுகையில் இவை மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வலுவூட்டுவது மட்டும் போதாது. எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளுக்கு, எந்த மண்ணில் மக்குவதற்காக என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் வலுவூட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பிறப்பு வேறு, முடிவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தாவரத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் எல்லாம் மக்கும், பெட்ரோலியத்திலிருந்து செய்தது எதுவும் மக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. பிரேசிலில் கரும்பிலிருந்து பாலித்தீன் தயாரிக்கிறார்கள். பிறந்தது கரும்பில் என்றாலும் அதுவும் சாதாரணப் பாலித்தீன் போலவே மக்காமல் கிடக்கும். பி.பி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பலபடி பெரும்பாலும் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது. ஆனால் அது மக்கும். ஒரு பலபடி மக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பிறப்பிடம் அல்ல. அதன் சங்கிலியை நுண்ணுயிர்களின் நொதிகளும் நீரும் வெட்ட முடியுமா என்பதுதான்.

மக்கும் பலபடிகளில் முக்கியமான நான்கைப் பார்ப்போம். முதலாவது ஸ்டார்ச். அரிசியில் இருக்கிறது, சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பிழிந்தெடுக்கும் மரவள்ளிக்கிழங்கில் இருக்கிறது. இது மலிவானது, மண்ணில் விரைவில் மக்கும். ஆனால் நீர் பட்டால் நெகிழ்ந்துவிடும், காய்ந்தால் நொறுங்கும். இரண்டாவது பாலிலாக்டிக் அமிலம். புளித்த மோரில் உள்ள லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் இது கிடைக்கும். மூன்றாவது, சில பாக்டீரியங்கள் நாம் கொழுப்பைச் சேமிப்பது போலத் தம் உடலுக்குள் சேமித்து வைக்கும் பி.எச்.பி. என்ற பலபடி. இதனை 1926ஆம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் லெமோயின் விவரித்தார். நான்காவது, மேலே கூறிய பி.பி.ஏ.டி.

இவற்றின் வலிமையை எண்களில் பார்த்தால் பிரச்சினை விளங்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள துண்டை அறுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே இழுவலிமை. பாலிலாக்டிக் அமிலத்திற்கு இது சுமார் 50 முதல் 60 வரை. கடைப் பை செய்யும் பாலித்தீனுக்குச் சுமார் 10 முதல் 15 வரைதான். அப்படியானால் பாலிலாக்டிக் அமிலம்தானே சிறந்தது என்பீர்கள். பொறுங்கள். பாலித்தீன் தன் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நீண்ட பிறகே அறும். பாலிலாக்டிக் அமிலமோ நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு நீள்வதற்குள் 'படக்' என்று முறிந்துவிடும். வலிமை உண்டு, வளைந்து கொடுக்கும் குணம் இல்லை. பி.பி.ஏ.டி. இதற்கு நேர்மாறு. பல மடங்கு நீளும். ஆனால் மிகவும் தளதளப்பானது.

சுவாமிமலை கற்றுத்தரும் கலவைப் பாடம்

ஒன்று கடினம், மற்றொன்று மென்மை என்றால் இரண்டையும் கலந்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை காணக் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குப் போகலாம். அங்கே வெண்கலச் சிலை வார்க்கும் சிற்பிகள் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். வெறும் தேன்மெழுகு கைச்சூட்டிலேயே குழைந்துவிடும். நுண்ணிய நகைகளைச் செதுக்க இடம் கொடாது. ஆகவே அதனுடன் குங்கிலியத்தைச் சேர்க்கிறார்கள். குங்கிலியம் கடினமான பிசின். அது அதிகமானால் மெழுகு நொறுங்கும். எனவே சிறிது எண்ணெயும் சேர்க்கிறார்கள். மெழுகு, பிசின், எண்ணெய் ஆகிய மூன்றின் விகிதத்தில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. பிளாஸ்டிக் பொறியாளரும் இதையே செய்கிறார்: மென்மையான பலபடி, கடினமான பலபடி, இரண்டையும் இளக வைக்கும் ஓர் எண்ணெய் அல்லது கிளிசரின்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெழுகும் குங்கிலியமும் உருகி நன்றாகக் கலக்கின்றன. பலபடிகளில் பெரும்பாலானவை அப்படிக் கலப்பதில்லை. மிக நீண்ட சங்கிலிகள் ஆதலால் அவை எளிதில் இடம் மாறிப் பின்னிக்கொள்வதில்லை. தத்தம் இனத்தோடு ஒதுங்கி நிற்கின்றன. ஸ்டார்ச்சுக்கு நீர் பிடிக்கும். பாலிலாக்டிக் அமிலத்திற்கு நீர் ஆகாது. இரண்டையும் சேர்த்தால் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப்போல ஒன்றுக்குள் மற்றொன்று துளித்துளியாக நிற்கும். துளியும் சுற்றுப்புறமும் சேரும் விளிம்பு பலவீனமானது. இழுத்தால் அந்த விளிம்பில்தான் பிளவு தொடங்கும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே சோப்பு நின்று சமாதானம் செய்வது போல, இந்த இரண்டுக்கும் இடையே நின்று கைகோத்துவிடும் சில வேதிப்பொருள்களை ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள்.

பாலிலாக்டிக் அமிலத்துடன் பி.பி.ஏ.டி.யைக் கலந்தால் முறியும் குணம் குறைகிறது. ஆனால் அதற்கு விலையாக வலிமையும் விறைப்பும் குறைகின்றன. இழந்த விறைப்பைத் திரும்பப் பெறத்தான் இழை தேவைப்படுகிறது.

இழை என்ன செய்கிறது?

மண்சுவர் வைக்கும் வீடுகளில் களிமண்ணை வெறுமனே மிதிக்கமாட்டார்கள். வைக்கோல் துண்டுகளையும் உமியையும் போட்டு மிதிப்பார்கள். நெல் கொட்டி வைக்கும் குதிரையும் அப்படித்தான் வனைவார்கள். ஏன்? களிமண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். ஒரு வெடிப்பு ஓடிவரும் வழியில் வைக்கோல் துண்டு ஒன்று குறுக்கே கிடந்தால், வெடிப்பு அதை அறுக்கவேண்டும் அல்லது மண்ணிலிருந்து உருவவேண்டும். இரண்டுக்கும் ஆற்றல் செலவாகும். ஆற்றல் தீர்ந்த இடத்தில் வெடிப்பு நின்றுவிடும்.

பிளாஸ்டிக் தொழிலின் தொடக்கத்திலேயே இந்த உண்மை பயன்பட்டது. லியோ பேக்லண்ட் 1907ஆம் ஆண்டில் பேக்கலைட்டை உருவாக்கினார். தனியே விட்டால் அது நொறுங்கக்கூடிய பிசின். மரத்தூளை அதில் கலந்து அச்சில் வார்த்தபோதுதான் மின்சுவிட்சுகளும் தொலைபேசிப் பெட்டிகளும் செய்யத்தக்க உறுதி கிடைத்தது.

ஆனால் எந்த அளவு இழையும் எல்லா இடத்திலும் உதவிவிடாது. இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக்கில் புதைந்த ஓர் இழையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் விட்டம் d, அதன் வலிமை S. பிளாஸ்டிக்குக்கும் இழைக்கும் இடையே உள்ள ஒட்டுதலின் வலிமை t. இழையின் பாதி நீளத்தைப் பிளாஸ்டிக் பற்றிப் பிடித்திருக்கும் விசை, அந்தப் பாதியின் மேற்பரப்பை t-யால் பெருக்கினால் வரும். இழையை அறுக்கும் விசை, அதன் குறுக்குப் பரப்பை S-ஆல் பெருக்கினால் வரும். இரண்டையும் சமப்படுத்தினால் இழையின் நீளம் S × d ÷ 2t என்று கிடைக்கிறது. இதை நெருக்கடி நீளம் என்பார்கள். இழை இதைவிடக் குட்டையாக இருந்தால் அறுவதற்கு முன்பே உருவிக்கொண்டு வந்துவிடும். அதன் முழு வலிமையும் நமக்குப் பயன்படாது.

எடுத்துக்காட்டாக, S என்பது 500, d என்பது 0.2 மில்லிமீட்டர், t என்பது 5 என்று வைத்துக்கொள்வோம். நெருக்கடி நீளம் 10 மில்லிமீட்டர். ஒட்டுதலை இரு மடங்காக்கி 10 ஆக்கினால் நெருக்கடி நீளம் 5 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதாவது ஒட்டுதல் நன்றாக இருந்தால் குட்டை இழையே போதும். ஒட்டுதல் மோசமானால் நீண்ட இழையும் வீண். உமியைப் பொடியாக அரைத்துக் கலந்தால் விறைப்பு கூடுகிறது, ஆனால் வலிமை அவ்வளவாகக் கூடுவதில்லை என்பதன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பொடியில் நீளம் எங்கே இருக்கிறது?

நம் வயலிலும் தோப்பிலும்

காவிரிப் படுகையில் கிடைக்கும் இழைகளைச் சற்றுக் கணக்கெடுப்போம்.

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைத்தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வாழை ஒரு தார்தான் ஈனும். பிறகு அந்த மரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும். அதன் பட்டையில் உள்ள நாரால் பூக்கட்டுகிறோம். அந்த நார் மிகவும் வலியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள். அங்கே தேங்காய் மட்டையிலிருந்து கயிற்று நார் கிடைக்கிறது.

இவ்விரு நார்களின் இயல்பையும் நம் நாட்டு அறிவியலாளர்கள் நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள அன்றைய வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் கே. ஜி. சத்தியநாராயணாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் தொடக்கத்தில் தென்னை நாரையும் வாழைநாரையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஒரு நாருக்குள் சுருள்வில்லைப்போல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாழைநாரில் அந்தச் சுருள் ஏறக்குறைய நேராக, நாரின் அச்சை ஒட்டி ஓடுகிறது. ஆகவே அது வலியது, ஆனால் அதிகம் நீளாது. தென்னை நாரில் சுருள் மிகவும் சாய்ந்திருக்கிறது. ஆகவே அதன் வலிமை குறைவு. ஆனால் அறுவதற்கு முன் நன்றாக நீளும். விறைப்பு வேண்டுமானால் வாழை, அதிர்ச்சி தாங்க வேண்டுமானால் தென்னை என்று நாம் தேர்ந்துகொள்ளலாம்.

அடுத்து வைக்கோல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ் இருக்கிறது. கடைசியாக உமி. 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி வரும். உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் மேல்தோலில் கவசமாக அணிகிறது. உமியைத் தொட்டால் சொரசொரவென்று இருப்பது இதனால்தான்.

இந்தக் கவசமும், வைக்கோலின் மேலுள்ள மெழுகுப் படலமும் பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதற்குத் தடை. இதற்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயரான ஜான் மெர்சர் பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் தோய்த்து அதன் இயல்பையே மாற்றினார். இன்று நார்களையும் அதே முறையில் நீர்த்த கரைசலில் ஊறவைக்கிறார்கள். மெழுகும் வேறு சில பொருள்களும் கரைந்து போக, நாரின் மேற்பரப்பு கரடாகிறது. பிளாஸ்டிக் நன்றாகப் பற்றிக்கொள்கிறது. இந்தச் சோதனையை மட்டும் ஆசிரியர் இல்லாமல் செய்யாதீர்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள்

இதுவரை கூறியதைக் கேட்டவுடன், "அப்படியானால் வைக்கோலையும் உமியையும் அள்ளிப்போட்டு எல்லாவற்றையும் செய்யலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

முதல் எச்சரிக்கை. 'உமியால் செய்தது' என்று பெயர் போட்டு விற்கும் எல்லாப் பொருளும் மக்குவதில்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்கில் உமித்தூளைக் கலந்தாலும் அப்படித்தான் பெயர் போடுவார்கள். அதை மண்ணில் போட்டால் உமி வேண்டுமானால் மக்கும். பிளாஸ்டிக் மட்டும் ஓட்டை ஓட்டையாகிப் பொடிந்து மண்ணில் தங்கும். முழுப் பையைப் பொறுக்கி எடுக்கலாம். பொடியை எப்படிப் பொறுக்குவீர்கள்? இத்தகைய பொருளை நெடுநாள் உழைக்கும் நாற்காலியாகவோ கதவாகவோ செய்வதை நான் குறை கூறவில்லை. ஒருமுறை உண்டுவிட்டு எறியும் தட்டாகச் செய்து, 'இயற்கைக்கு உகந்தது' என்று விற்பதைத்தான் குறை கூறுகிறேன்.

இரண்டாவது எச்சரிக்கை. 'மக்கும்' என்ற சொல்லுக்கு முன்னால் 'எங்கே?' என்ற கேள்வியைப் போடுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. நாடு முழுவதும் அத்தகைய சில பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை வந்தது. உரமாக மக்கும் பிளாஸ்டிக்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம் இருக்கிறது. அந்தச் சோதனையில் பொருளின் கார்பனில் 90 சதவீதம் 180 நாட்களுக்குள் கார்பன்-டை-ஆக்சைடாக மாறவேண்டும். நல்ல கடுமையான சோதனைதான். ஆனால் அது நடப்பது எத்தனை வெப்பநிலையில் தெரியுமா? 58 டிகிரி செல்சியஸ். பெரிய உரக்கிடங்கின் குவியலுக்குள் அந்தச் சூடு இருக்கும். நம் வெண்ணாற்றிலோ, கல்லணைக் கால்வாயிலோ, வயல் வரப்பிலோ அது கிடையாது. பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரியில்தான் இளகத் தொடங்குகிறது. அதற்குக் கீழே அதன் சங்கிலிகள் விறைத்து நிற்பதால் நீர் உள்ளே புகுந்து வெட்டுவது மிக மெதுவாகவே நடக்கும். சான்றிதழ் பெற்ற கிண்ணம் ஒன்று வாய்க்காலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். சான்றிதழ் பொய்யன்று, அதைப் பெற்ற இடமும் கிண்ணம் கிடக்கும் இடமும் வேறு, அவ்வளவுதான்.

மூன்றாவது எச்சரிக்கை. வைக்கோலைக் 'கழிவு' என்று சொல்லாதீர்கள். சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது. வெயிலில் காய்ந்த அந்த வைக்கோல் மாட்டுக்குத் தீனி. காளான் வளர்க்கவும் உதவுகிறது. உமியும் வீணாகவில்லை, புழுங்கல் அரிசி ஆலைகளின் கொதிகலன்களில் எரிகிறது. மேலும் நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. ஆண்டுதோறும் வைக்கோல் முழுவதையும் ஆலைக்கு ஏற்றி அனுப்பினால் வயலின் சத்தையும் சேர்த்தே ஏற்றுகிறோம். தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வேண்டும் என்பதற்காக மாட்டின் வாயிலிருந்தும் மண்ணின் வாயிலிருந்தும் பிடுங்கலாகாது.

அப்படியானால் எதை எடுப்பது? ஐப்பசி மழையில் நனைந்து மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும் குறுவை வைக்கோலில் ஒரு பகுதியை எடுக்கலாம். அது அழுகத் தொடங்குவதற்கு முன் உலர்த்திவிட வேண்டும். அழுகல் செல்லுலோஸையே தின்னத் தொடங்கினால் இழையின் வலிமை போய்விடும். தார் வெட்டிய வாழைமரத்தின் பட்டையை எடுக்கலாம். நார் உரித்தபின் மிஞ்சும் சாற்றையும் சதையையும் தோட்டத்துக்கே திருப்பிவிடலாம்.

எங்கே தொடங்கலாம்?

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். இந்தப் புதுப் பொருளைச் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கவேண்டாம். காவிரிக் கரையில் வாழையிலை இருக்கிறது. கடைக்குப் போகத் துணிப்பை இருக்கிறது. ஏற்கெனவே நல்ல விடை இருக்கும் கேள்விக்கு ஆய்வுக்கூடம் புது விடை தேடி அலையவேண்டியதில்லை. மண்ணிலேயே பிறந்து, மண்ணிலேயே வேலை செய்து, மண்ணிலேயே முடியும் பொருள்களில் தொடங்கவேண்டும்.

நாற்றங்காலை எண்ணிப் பாருங்கள். செம்மை நெல் சாகுபடியிலும் இயந்திர நடவிலும் பாய் நாற்றங்கால் விடுகிறார்கள். கீழே பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பி விதைக்கிறார்கள். இரண்டு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் நாற்றைப் பாயாகச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். தாள் கிழிந்து, துண்டுகள் சேற்றில் தங்குகின்றன. மரக்கன்றுகளும் கறுப்புப் பாலித்தீன் பைகளில்தான் வருகின்றன. நடும்போது பையைக் கிழித்து எறிகிறோம். சில சமயம் பையோடேயே புதைத்துவிடுகிறோம்.

நாற்றங்கால் தாளுக்கு என்ன வேண்டும்? ஈரத்தில் சுமார் 20 நாட்கள் கிழியாமல் இருக்கவேண்டும். வேர் கீழே இறங்காமல் தடுக்கவேண்டும். அதன் பிறகு வயலிலேயே உழுதுவிட்டால், நம் ஊர் மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே, அடுத்த சாகுபடிக்குள் மக்கிவிட வேண்டும். பாலித்தீனுக்கு நிகரான வலிமையோ, ஐந்தாண்டு ஆயுளோ இதற்கு வேண்டியதில்லை. ஸ்டார்ச்சும், மண்ணில் மக்கும் மென்மையான பலபடி ஒன்றும், அளவான வைக்கோல் இழையும் சேர்ந்த தாள் இதற்கு ஏற்றது.

இன்னொரு நன்மையையும் கவனியுங்கள். செல்லுலோஸ் இழை நீரை உறிஞ்சும். பிளாஸ்டிக் பொறியாளர் இதைப் பெரிய குறையாகக் கருதுகிறார். நீர் ஏறினால் இழை பருத்து ஒட்டுதல் தளர்கிறது, உறுதி குறைகிறது. ஆனால் நாற்றங்கால் தாளுக்கு இதுவே வரமாகிறது. இழை வழியாகத்தான் நீர் உள்ளே நுழைகிறது. நீரைத் தொடர்ந்து நுண்ணுயிர்கள் நுழைகின்றன. தாள் உள்ளிருந்தே மக்குகிறது. வாழும்போது குறையாக இருப்பது முடியும்போது உதவியாகிறது. எத்தனை இழை, எவ்வளவு ஒட்டுதல் என்பதை மாற்றி அந்த நாளைத் தள்ளியும் வைக்கலாம், முன்னேயும் கொண்டுவரலாம். உறுதியையும் மக்குதலையும் பகைவர்களாக எண்ணாமல், ஒரே தராசின் இரு தட்டுகளாக எண்ணவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு விலை ஒரு தடை என்பதை மறுக்க முடியாது. பாலித்தீன் மலிவு, மக்கும் பலபடிகள் விலை அதிகம். ஆனால் இழையும் ஸ்டார்ச்சும் சேரச்சேர விலை உயர்ந்த பலபடியின் பங்கு குறைகிறது. வயலிலிருந்து தாளைப் பொறுக்கி எடுக்கும் கூலியையும், பொறுக்காமல் விட்ட துண்டுகள் மண்ணுக்குச் செய்யும் கேட்டையும் பாலித்தீனின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது அவ்வளவு மலிவாகத் தோன்றாது. ஆராயும் வசதிகளும் நம்மிடம் உண்டு. சென்னையில் 1968 முதல் சிப்பெட் நிறுவனம் இயங்கிவருகிறது. நெல்லை ஆராய ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நிலையம் இருக்கிறது. திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிளாஸ்டிக் அறிந்தவரும் பயிர் அறிந்தவரும் ஒரே வயலில் நின்று பேசவேண்டும். தாளின் வலிமையை இயந்திரத்தில் அளந்தால் மட்டும் போதாது, சேற்றிலும் அளக்கவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் சிறிய அளவில் செய்யலாம். 10 கிராம் மரவள்ளி மாவு, 60 மில்லிலிட்டர் தண்ணீர், 5 மில்லிலிட்டர் கிளிசரின், 5 மில்லிலிட்டர் வினிகர் ஆகியவற்றைக் கலந்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கூழ் கெட்டியாகிக் கண்ணாடிபோல் தெளியும்போது இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். இது முதல் தாள்.

இரண்டாவது தாளுக்கு இதே கூழில் ஊறவைத்து மசித்த பழைய செய்தித்தாள் கூழை ஒரு கரண்டி சேருங்கள். மூன்றாவதற்கு ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிய வாழைநார். நான்காவதற்கு இடித்துச் சலித்த உமித்தூள்.

ஒவ்வொரு தாளிலிருந்தும் 10 மில்லிமீட்டர் அகலத் துண்டுகள் வெட்டுங்கள். மேல்நுனியைக் கவ்வியில் பிடித்து, கீழ்நுனியில் ஒரு சிறு வாளியைத் தொங்கவிட்டு, மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டுங்கள். அறும்போது வாளியோடு மணலை நிறுத்துக்கொள்ளுங்கள். தாளின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர். 2 கிலோவில் அறுந்தால் விசை 19.6 நியூட்டன், வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3.9 நியூட்டன். ஒவ்வொரு வகையிலும் ஐந்து துண்டுகளையாவது அறுத்துச் சராசரி எடுங்கள். ஒரே ஒரு துண்டை வைத்து முடிவு கூறலாகாது.

வேலை இத்துடன் முடியவில்லை. மிச்சத் துண்டுகளை நைலான் வலைப் பையில் இட்டு, ஒரு பகுதியை ஈர மண் தொட்டியிலும், மற்றொரு பகுதியை வாளித் தண்ணீரிலும் போடுங்கள். கூடவே ஒரு பாலித்தீன் துண்டையும் போடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடைபோட்டு ஏட்டில் குறியுங்கள். மண்ணின் வெப்பநிலையையும் மறவாமல் குறியுங்கள். எந்தத் தாள் வலியது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எது ஒழுங்காக மக்குகிறது என்று தெரிய நீங்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும் இதுதான் கடினமான பகுதி.

நீங்கள் பொறியாளர்களாகவோ, உழவர்களாகவோ, கடைக்காரர்களாகவோ ஆகும்போது உங்கள் முன்னே பலவிதமான 'பசுமை'ப் பொருள்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். பச்சை நிறத்தில் ஓர் இலை அச்சிட்டிருக்கும். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதில் கலந்திருப்பது என்ன? எத்தனை நாள் உழைக்கும்? எங்கே, எந்தச் சூட்டில் மக்கும்? இதன் இழையை யாருடைய வாயிலிருந்து எடுத்தீர்கள்? நான்குக்கும் நேரான விடை வந்தால் அந்தப் பொருளை வாங்குங்கள். வராவிட்டால், விடை சொல்லக்கூடிய பொருளை நீங்களே உருவாக்குங்கள்.